ஒன்றும் முளைக்கவில்லை

மூன்று தரம் எடுத்தார்கள்.
முதல் இடக்கை, பிறகு வலக்கை,
மூன்றாம் தரம் நரம்பு ஒளித்துக்கொள்ள
புறங்கையில் தட்டித் தட்டி.
போத்தலுக்குள் என் இரத்தத்தை விதைத்துவிட்டு
ஐந்து நாள் பார்த்திருந்தது கிளிநொச்சி ஆஸ்பத்திரி.
“ஒண்டும் முளைக்கேல்லை” என்றா தாதி,
மழை பிந்திய வருசத்து
மானாவாரிக்காரி மாதிரி.

காய்ச்சல் மட்டும்
பின்னேரம் நாலு மணிக்கு
முத்தையன்கட்டு பஸ்ஸைவிட ஒழுங்காக வந்தது.
டெங்கு இல்லை. சயம் இல்லை. எலிக்காய்ச்சலும் இல்லை.
கண்ணூறு என்றது பக்கத்துக் கட்டில்.
பாவாடைக்கு இரண்டாவது ஊசி குத்தினேன்.

சொன்னபடி கேட்ட நோயாளி நான்.
பல்லுப் பிடுங்கமுதல் மருந்து விழுங்கினவள்.
கிருமி போகும் என்று
மூக்குக் குத்தாமல் இருந்தவள்.
“கழுத்தை இரண்டு விரல் ஏத்தித் தையுங்கோ”
இது தையல்கார அக்காவுக்குப் பாடம்.
எங்கள் பட்டி மாட்டுக்குத் தொடையில் குறி.
எனக்கு நெஞ்சில், நெடுக்காக.

பன்னிரண்டு வயதில் கொழும்பில் வைத்து
எனக்குள் ஒரு குழாய் தைத்தார்கள்.
மாட்டின் கழுத்து நாளம்.
அதற்குள்ளால்தான் என் இரத்தம் மூச்செடுக்கப் போகிறது.
அம்மா அதை
அம்மன் கோவிலில்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை புதிதாய் வந்த டொக்டர் அனுசியன்
நோயாளி கட்டிலில் இருக்கக்கூடாது என்பதை மறந்து இருந்தார்.
எங்கே நோகுது என்று கேட்கவில்லை.
“வீட்டில மாடு நிக்குதோ?”
நிக்குது.
“கிட்டடியில கண்டு போட்டதோ?”
ஓம்.
“ஆர் பக்கத்தில நிண்டது?”

புள்ளிச்சி அன்றிரவு முழுக்க முக்கினாள்.
ஒட்டுசுட்டான் மாட்டு டொக்டரின் போன்
அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.
“உன்ர கைதான் மெல்லிசு, இசைவிழி” என்றாள் அம்மா.
முழங்கைவரை போனேன்.
உள்ளே அவ்வளவு சூடு.
கண்டு செத்துத்தான் வந்தது.
மற்ற நேரமென்றால் இளங்கொடியைச் சாக்கில் கட்டி
ஆலமரத்தில் தூக்குவோம், பால் சுரக்கட்டும் என்று.
அதை நானே புதைத்தேன், மழைக்கு முதல்,
வெறுங்கையால்.

“அதிலதான் இருக்கும்.
காய்ஞ்சு தூசியாகிக் காத்தில ஏறும்.
போத்தலில முளைக்காத சாதி.
மற்ற ஆக்களுக்கு ஒரு கிழமைக் காய்ச்சல்.
உமக்கு...”
விரல் என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

“அப்ப அது மாட்டைத் தேடித்தான் வந்திருக்கு” என்றேன்.
சிரித்தார். உடனே நிறுத்தினார்.
இரத்தம் கொழும்புக்குப் போய்
அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னது.

பதினெட்டு மாசம் குளிசை.
இருந்தபடி விழுங்கவேணும், தண்ணியோடை.
பாலோடை கூடாது.
வெயிலில் நிற்கக் கூடாது.
வன்னியில்,
மாட்டுக்காரி மகளுக்கு
சொல்லிவிட்டார்கள்.
பட்டிப் பக்கமே போகாதே என்றும்.
குழாய் தாங்குமா, மாற்றவேணுமா
என்பதற்கு மட்டும்
“பாப்பம்.”

வைகாசியில் புள்ளிச்சி மறுபடி முக்கினாள்.
அம்மாவுக்குக் கொரோனாக்காலத்து முகக்கவசம்,
முழங்கைவரை பொலித்தீன்.
போனைக் கப்பில் கட்டிவிட்டாள்.
நான் மதகடியில் நிற்கிறேன், இருட்டில்.

“காலோ, தலையோ?”
“ஒரு கால்தான் வருது.”
“மற்றது மடிஞ்சு கிடக்கு.
அவள் முக்கேக்கை தள்ளாதையணை.
விடட்டும். இப்ப.”

நுளம்பு. தவளை.
அம்மா யாரையோ திட்டுகிறாள்.
என் குழாய் வழியே
ஒவ்வொரு துடிப்பாகப் போகிறது.
பிறகு போனுக்குள்
ஈரமாய் ஒரு தும்மல்.

“நாகு” என்றாள் அம்மா.
“நிண்டிட்டுது.”

கால் தன்பாட்டில் பட்டிப் பக்கம் வைத்துவிட்டது.
சோளகம் முகத்தில் அடித்தது.
திரும்பி
பத்தடி தள்ளிப்போய் நின்றேன்.